குலைநோய்க்கு அடிச்ச மருந்து சேத்துக்குள்ள என்ன ஆகுது?

கேள்வி: அக்கா வணக்கம். எங்களுக்கு தொண்டிக்கு மேற்க ரெண்டு ஏக்கர் வய. புழுதியில விதைச்சு, மழ வந்த பெறகு தண்ணி கட்டுன நெல்லு. கார்த்திகை கடைசியில இலையில குலைநோய்ப் புள்ளி விழுந்துருச்சுன்னு கடையில கேட்டு ட்ரைசைக்ளசோல்னு பூஞ்சாண மருந்துப் பவுடரும், கூடவே கார்பெண்டசிம் மான்கோசெப் கலந்த பவுடரும் ஒண்ணா கலந்து அடிச்சேன். அன்னைக்கு ராத்திரியே பேய் மழ, வய நெறைஞ்சு வரப்பு மேல வழிஞ்சு போச்சு. கடைக்காரரு "தண்ணி நிக்கிற வயல்ல ரெண்டு நாள்ல கரைஞ்சு போயிரும், பயப்படாத"ங்குறாரு. அது உண்மையா? எங்க அப்பா வாய்க்கா ஓரமா கூடு வச்சு அயிரை, கெண்ட பிடிப்பாரு, அத சாப்பிடலாமா? மண்ணு கெட்டுப்போயிருச்சா? அடுத்து பருத்தி போடலாம்னு இருக்கேன்.

பதில்: தம்பி, வணக்கம். நீங்க கேட்டது நல்ல கேள்வி, இத அடிக்கிறதுக்கு முன்னாடி யாரும் கேக்குறதில்ல, அடிச்ச பெறகாவது கேட்டீங்களேன்னு சந்தோசம்.

மொதல்ல கடைக்காரரு சொன்னத எடுத்துக்குவோம். அவரு பொய் சொல்லணும்னு சொல்லிருக்க மாட்டாரு, அந்த நெனப்புக்கு ஒரு வேர் இருக்கு. 1966ல பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல ரகு, மெக்ரேன்னு ரெண்டு பேரு ஒண்ணு கண்டாங்க, அந்தக் காலத்து பி.எச்.சி. பூச்சிமருந்து காஞ்ச நெலத்துல வருசக்கணக்கா கெடக்கும், ஆனா தண்ணி நிக்கிற நெல்வய சேத்துல வேகமா ஒடையுதுன்னு. அடுத்து 1973ல சேதுநாதன், யோஷிடா ரெண்டு பேரும் நெல்வயல்ல இருந்தே ஒரு பாக்டீரியாவ பிரிச்சு எடுத்தாங்க, அது டயசினான், பாரத்தியான் மாதிரி மருந்துகள ஒடைச்சுப் போட்டுச்சு. இதுனால நெல்வய சேறுன்னா எல்லா வெசத்தையும் செரிச்சுரும்னு ஒரு நம்பிக்க பரவிருச்சு. ஆனா அது அந்தந்த மருந்துக்கு உண்மை. எல்லா மருந்துக்கும் இல்ல. நீங்க அடிச்ச மூணுல ஒண்ணுக்குக்கூட அது அப்படியே பொருந்தல.

ஏன்னு சொல்றேன். வயல்ல தண்ணி ஏறுனதும் மண்ணுல உள்ள ஆக்சிஜன கிருமிங்க ஒண்ணு ரெண்டு நாள்ல தின்னு தீத்துருது. மேல இருந்து புதுக்காத்து தண்ணி வழியா எறங்குறது ரொம்ப மெதுவு. காத்து தீந்ததும் அதுங்க மூச்சு விட நைட்ரேட்ட எடுக்கும், அப்புறம் மாங்கனீசு, அப்புறம் இரும்பு, கடைசியில சல்ஃபேட்டு. இலங்கையச் சேர்ந்த பொன்னம்பெருமான்னு ஒரு பெரிய மண் விஞ்ஞானி 1972ல இந்த வரிசைய எல்லாம் அழகா எழுதி வச்சிருக்காரு. உங்க வயல்ல சேத்த ஒரு கை அள்ளுங்க, மேல ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் செம்பழுப்பா இருக்கும், அதுக்குக் கீழ கருஞ்சாம்பலா, அழுகுன முட்ட நாத்தம் லேசா வரும். காரங்காடு அலையாத்திக் காட்டு சேத்துல கால வச்சா வருமே, அதே நாத்தம்தான், அங்கயும் சல்ஃபேட்டுதான் காரணம். நெல்லு வேர புடுங்கிப் பாத்தா வேர் மேல செம்மண்ணு நெறத்துல ஒரு பூச்சு இருக்கும், நெல்லு தன் தண்டு வழியா காத்த வேருக்கு எறக்குது, அந்த வேரச் சுத்தி மட்டும் துருப்பிடிச்ச மாதிரி. ஆக உங்க வயல்ல காத்து உள்ள எடம் ரெண்டே ரெண்டு: மேல்தோல் மாதிரி ஒரு மெல்லிய படலம், வேரச் சுத்துன கூடு. மத்த எல்லாம் காத்தில்லாத எடம்.

இப்ப மருந்துக்கு வருவோம். பி.எச்.சி. மாதிரி குளோரின் நெறைய தொங்குற மருந்துன்னா, காத்தில்லாத எடத்துலதான் அந்த குளோரின ஒவ்வொண்ணா கழட்டிப் போட கிருமிக்கு வசதி. ஆனா கார்பெண்டசிம், ட்ரைசைக்ளசோல் இதெல்லாம் வளையம் வளையமா கட்டுன கட்டடம், அந்த வளையத்த ஒடைக்க கிருமிக்கு ஆக்சிஜன் வேணும். கார்பெண்டசிம் பத்தி உலக சுகாதார நிறுவனம் 1993ல வெளியிட்ட அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு, பாதியா கொறைய ஆகுற காலம் காத்து உள்ள தண்ணியில சுமார் 2 மாசம், காத்தில்லாத தண்ணியில சுமார் 25 மாசம். வெறும் மண்ணுல 6 மாசத்துல இருந்து 12 மாசம். இந்த ஒரு கணக்கு போதும், "தண்ணி நின்னா ரெண்டு நாள்ல போயிரும்"ங்குற பேச்சு எவ்வளவு தூரம் தப்புன்னு புரிய. ட்ரைசைக்ளசோலும் மாசக்கணக்குல கெடக்குற சாமான்தான். ப்ரோபிகோனசோல், ஹெக்சகோனசோல்னு இலையுறைக் கருகல் நோய்க்கு அடிக்கிறீங்களே, அந்த ட்ரையசோல் கூட்டமும் காத்தில்லாத சேத்துல நத்த வேகம்தான்.

மான்கோசெப் மட்டும் வேற ஜாதி. அது உண்மையிலயே சீக்கிரம் ஒடையும், ஈர மண்ணுலயும் தண்ணியிலயும் சில நாளுக்குள்ள. ஆனா ஒடைஞ்சா வர்றது எத்திலீன் தயோயூரியான்னு ஒரு துண்டு. தாய்மருந்து மண்ண ஒட்டிக்கும், இந்தத் துண்டு ஒட்டாது, தண்ணியில நல்லா கரைஞ்சு தண்ணியோடயே நடக்கும், தைராய்டுக்கு ஆகாதது. வெயிலும் கிருமியும் சேந்து அதையும் ஒடைக்கும், ஆனா அதுக்கு நாள் வேணும். அதனால "ஒடைஞ்சிருச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா அடுத்த கேள்வி "ஒடைஞ்சு என்னவா ஆச்சு?"ன்னு கேக்கணும். பழைய மருந்து ஒண்ணு, பி.சி.என்.பி.ன்னு, அதுவும் பூஞ்சாணக்கொல்லிதான், தண்ணி நின்ன மண்ணுல போட்டா மளமளன்னு காணாமப் போகும், ஆனா அது போன எடத்துல பென்டாகுளோரோ அனிலின்னு வேற ஒண்ணு உக்காந்திருக்கும், அது லேசுல போகாது.

சரி, ஒடையலன்னா தண்ணிய சோதிச்சா ஏன் கொஞ்ச நாள்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுன்னு கேப்பீங்க. இதுல நானே ஒரு தடவ தப்புப் பண்ணிருக்கேன். வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு ஊர்ல வயத்தண்ணி மட்டும் எடுத்துட்டு வந்து சோதிச்சோம், ஒண்ணும் சிக்கல, சுத்தமா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டேன், அந்த ஊர்க்காரங்களும் நிம்மதியா போனாங்க. பெறகு எங்க மூத்தவரு ஒருத்தரு "சேத்த எங்க?"ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டாரு. போயி மேல்சேத்த வழிச்சு எடுத்துட்டு வந்து பாத்தா அங்க இருந்துச்சு. மருந்து எங்கயும் போகல, தண்ணிய விட்டு எறங்கி மண்ணுல ஒட்டிருச்சு. அந்த நாள்ல இருந்து நான் தண்ணிய மட்டும் பாத்து யாருக்கும் பதில் சொல்றதில்ல.

மண்ணுல ஒட்டுறதுன்னா என்னன்னு கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா உங்க கேள்விக்கு விட பூரா இதுலதான் இருக்கு. மண்ணுல மக்குன சாமான், களிமண் தகடு, இரும்புத் துரு இந்த மூணும்தான் ஒட்டுற எடம். எண்ணெ மாதிரி கொணம் உள்ள மருந்து மக்குல போயி ஒட்டும். நம்ம ராமநாதபுரத்து மண்ணுல மக்கு ரொம்ப கம்மி, வெயிலும் மானாவாரியும் சேந்து தின்னுருது. ஆனா கரிசல் களிப்பு நெறைய உள்ள எடத்துல அந்தத் தகடுங்க பிடிச்சு வச்சுக்கும். கடக்கரைய ஒட்டி மணப்பாங்கா இருந்தா பிடிக்க ஆளு இல்ல, மருந்து தண்ணியோட கீழ எறங்கிரும், அங்க கெணறு வச்சிருக்கவங்க ரொம்ப கவனமா இருக்கணும். ட்ரைசைக்ளசோல், கார்பெண்டசிம் ரெண்டும் நடுத்தரமா ஒட்டுற சாமான், ப்ரோபிகோனசோல் அத விட பலமடங்கு இறுக்கமா ஒட்டும்.

இந்த ஒட்டுறதும் ஒரே மாதிரி இல்ல. மொத சில நாள்ல ஒட்டுறது சட்டையில ஒட்டுன தூசி மாதிரி, புது மழத்தண்ணி வந்தா கொஞ்சம் கழண்டு வரும். மாசம் ஆக ஆக அது மண்ணு மணிக்குள்ள நொழைஞ்சு, மக்கோட மக்கா பிணைஞ்சிரும், லேப்ல சாராய வக திரவம் ஊத்திக் கழுவுனாலும் வராது. கார்பன் 14னு கதிரியக்கக் குறி போட்ட மருந்த மண்ணுல விட்டுத்தான் இத கண்டுபிடிச்சாங்க, கழுவி எடுத்தது போக மண்ணுலயே ஒரு பங்கு அசையாம கெடக்கும். அப்படிப் பிணைஞ்சது பயிருக்கும் மீனுக்கும் பெருசா கெடைக்காது, அது நல்லதுதான். ஆனா கிருமிக்கும் கெடைக்காது, அதனால ஒடையவும் ஒடையாது. ஒட்டுறத பாதுகாப்புன்னு மட்டும் நெனச்சுறக் கூடாது, அது சாவி போட்டு பூட்டி வச்ச சாமான், பூட்டு எப்பவாவது தொறக்கும். தாமிரம் கலந்த மருந்துல இது நல்லாத் தெரியும், காப்பர் ஆக்சிகுளோரைடுல உள்ள தாமிரம் ஒரு மூலகம், அது என்னைக்கும் ஒடையவே ஒடையாது. தண்ணி நிக்கும்போது சல்ஃபைடோட சேந்து கல்லு மாதிரி அடங்கிக் கெடக்கும், வய காஞ்சு காத்துப் பட்டதும் திரும்ப கழண்டு வெளிய வரும். வருசா வருசம் சேந்துக்கிட்டே போகும்.

இப்ப உங்க வயலுக்கு ஒரு கணக்குப் போடுவோம், பயம் எவ்வளவு நியாயம்னு தெரியட்டும். ட்ரைசைக்ளசோல் 75 பவுடர் ஏக்கருக்கு சுமார் 120 கிராம் அடிச்சிருப்பீங்க, அதுல உள்ள மருந்து 90 கிராம். அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி நிக்கிற ஒரு ஏக்கர்ல ரெண்டு லட்சம் லிட்டர் தண்ணி இருக்கும். அத்தனையும் தண்ணியில விழுந்துச்சுன்னு வச்சாலும் லிட்டருக்கு அரை மில்லிகிராம கூட தொடாது, அதுல பாதி இலையில நின்னிருக்கும். அதே 90 கிராம் மேல் ஒரு சென்டிமீட்டர் சேத்துல எறங்குச்சுன்னா கிலோவுக்கு ரெண்டு மில்லிகிராம் கிட்ட வரும், பெறகு உழுது 15 சென்டிமீட்டருக்கு கலந்தா கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஒரு தடவ அடிச்சதுனால மண்ணு கெட்டுப்போகல தம்பி, மனச போட்டு ஒழப்பிக்காதீங்க. ஆனா வருசத்துக்கு மூணு தடவ, பத்து வருசம், ஒரே மருந்துன்னு போனா அந்த மேல்சேறு வேற மாதிரி ஆயிரும், கார்பெண்டசிம் மண்புழுவுக்கு ரொம்ப ஆகாது, மண்புழு போன வயல்ல மண்ணு இறுகிரும்.

எனக்கு மண்ண விட கவல அந்த ராத்திரி வழிஞ்சு போன தண்ணி மேலதான். நம்ம கம்மா எல்லாம் சங்கிலி மாதிரி, ஒரு கம்மா கலுங்கு தண்ணி அடுத்த ஊரு கம்மாய்க்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு, கடைசியில கடலுக்கு. உங்க வய வடிகால் உங்க ஊரு கம்மாய்க்கு போகாது, கீழ உள்ள ஊருக்குத்தான் போகும். அங்க ஊரணிக்கு வரத்துக்கால் அந்தப் பக்கமா இருந்துச்சுன்னா, நம்ம அடிச்சது அடுத்தவங்க கொடத்துக்குப் போகுது. ஜப்பான்ல நெல்வயல்ல மருந்து போட்டா ஏழு நாளைக்கு தண்ணிய வெளிய விடக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. கலிபோர்னியாவுல 1980கள்ல நெல்லு களைக்கொல்லியால வடிகால்ல கெண்ட மீனு செத்து மெதந்து, சாக்ரமெண்டோ ஊருக்குக் குடிதண்ணி கசந்துச்சு, அதுக்கப்புறம் வாரக்கணக்குல தண்ணிய வயல்லயே நிறுத்தணும்னு கட்டாயம் ஆக்குனாங்க. நமக்கு அப்படி சட்டம் இல்லன்னாலும் செய்யலாம்ல. அடிக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி தண்ணிய கொஞ்சம் வடிச்சு, வரப்பு நண்டு வளைய அடச்சு, அடிச்ச பெறகு ஒரு வாரம் மடைய மூடி வச்சிருங்க. கார்த்திகை மாசம் மேகம் இருட்டுனா, வானிலை பாத்துட்டு அடிங்க, காயிறதுக்குள்ள மழ வந்தா காசும் போச்சு மருந்தும் போச்சு. டேங்கு கழுவுன தண்ணிய வாய்க்காலுக்குப் பக்கத்துல கொட்டாதீங்க, அதுதான் இருக்குறதுலயே கெட்டிச் சரக்கு.

இன்னொண்ணு. ட்ரைசைக்ளசோல் பூஞ்சாணத்த கொல்றதில்ல, பூஞ்சாணம் இலைக்குள்ள துளைச்சு நொழைய ஒரு கருப்பு நெறத்துச் சாமான தயாரிக்கும், அத தயாரிக்க விடாம இந்த மருந்து தடுக்குது, அவ்வளவுதான். உள்ள நொழைஞ்சு கழுத்து கருத்து கதிரு ஒடிஞ்சு தொங்கற பெறகு அடிச்சா பிரயோஜனமே இல்ல, எத்தனையோ பேரு அப்பத்தான் அடிக்கிறாங்க. நீங்க புள்ளி பாத்ததும் அடிச்சது சரி, ஆனா கூட கார்பெண்டசிம் மான்கோசெப்பும் கலந்தது தேவையில்லாதது, குலைநோய்க்கு ஒண்ணு போதும். யூரியாவ ஒரே மூச்சுல கொட்டாம மூணு தவணையா பிரிச்சாலே குலைநோய் கொறையும். விதைக்கும்போது கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ்ங்குற நல்ல பாக்டீரியாப் பவுடர் கலந்து விதைங்க. இலையுறைக் கருகலுன்னா வேலிடாமைசின் கேட்டு வாங்குங்க, அது நுண்ணுயிர்ல இருந்து எடுத்தது, மண்ணுல விழுந்தா கிருமிங்க சீக்கிரமே தின்னுரும்.

மண்ணுல இருக்குறத எப்படிப் போக்குறதுங்குறதுக்கு வர்றேன், இதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நெனச்சேன். மருந்து ஒடைய ஈரமும் வேணும், காத்தும் வேணும், ரெண்டும் ஒண்ணா வேணும். நம்ம ஊர்ல மார்கழி வர தண்ணி நிக்கும், காத்து இல்ல. பங்குனி சித்திரையில மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும், காத்து இருக்கு, ஈரம் இல்ல, கிருமி பூரா ஒறங்குது. ஆக வருசத்துல மருந்து ஒடையுற காலம் ரொம்பக் குறுகலு: தைக் கருதறுப்பு முடிஞ்சு வய பதமா இருக்குற ஒரு மாசம், அப்புறம் கோடமழ பெஞ்சு ஈரம் இருக்குற நாளு, அப்புறம் ஆவணி புரட்டாசி புழுதிக் காலத்து நனைப்பு. இத வீணாக்காதீங்க. கருதறுத்ததும் தாள காய விடாம ஈரத்தோடயே ஒரு உழவு ஓட்டி மடக்கிருங்க, மேல் சேத்துல குமிஞ்சு கெடந்தது கீழ வர கலந்து, காத்தும் போகும். கோடமழைக்கு இன்னொரு உழவு. வெடிச்ச வயல்ல மொத மழத்தண்ணி அந்த வெடிப்பு வழியா நேரா கீழ பாயும், நம்ம புழுதி நெல்லுக்கு சேத்து உழவு இல்லாததால கீழ இறுகுன அடுக்கும் இல்ல, அதனால வெடிப்ப உழுது மூடுறது நெலத்தடித் தண்ணிக்கும் நல்லது.

கூட, மக்கு சேக்கணும். ஆட்டு மந்தையோட கீதாரிங்க வந்தாங்கன்னா ரெண்டு ராத்திரி வயல்ல கிட போடச் சொல்லுங்க, ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணுல கிருமி பெருகும், மருந்துக்கு ஒட்ட எடமும் கெடைக்கும், தின்ன ஆளும் கெடைக்கும். உவர் மண்ணுன்னா தக்கப்பூண்டு வெதச்சு பூக்குறதுக்குள்ள மடக்கி உழுங்க, அது உப்ப தாங்கும். உப்பு ஏறுன மண்ணுல கிருமி வேல மந்தம், அங்க மருந்து இன்னும் மெதுவாத்தான் ஒடையும், அதனால கடல் பக்கத்து வயலுக்கு மக்கு இன்னும் அவசியம். சில பேரு கருவேலக் கரிமூட்டத்துல மிஞ்சுன கரித்தூள போடலாமான்னு கேக்குறாங்க. கரி மருந்த இறுக்கிப் பிடிக்கும் நெசந்தான், ஆனா பிடிச்சத ஒடைய விடாது, அடுத்து போடுற களைக்கொல்லியையும் உறிஞ்சு வேல செய்யாம ஆக்கும், கரி காரமானது, நம்ம களர் மண்ணுக்கு அது கூடுதல் சொம. வடிகால் வாய்க்கா முகப்புல ஒரு சாக்குல கட்டிப் போடுங்க, வயல்ல வேணாம்.

நெல்லப் பத்தி. ட்ரைசைக்ளசோல் பவுடருக்கு கடைசியா அடிச்சதுக்கும் அறுப்புக்கும் நடுவுல 30 நாள் இருக்கணும், பாக்கெட்டுல பாத்துக்கங்க. கார்த்திகை கடைசியில அடிச்சு தையில அறுத்தா ட்ரைசைக்ளசோலுக்கு சரியா இருக்கும். இதே மருந்துக்கு ஐரோப்பாவுல 2017ல அறிவிச்சு அரிசியில கிலோவுக்கு 1 மில்லிகிராம்ல இருந்து 0.01க்கு கொறச்சாங்க, நம்ம பாசுமதி ஏற்றுமதி ஆடிப்போச்சு, அந்த அளவுக்கு இது அரிசி வர ஏறக்கூடிய சாமான். உமியிலயும் தவுட்டுலயும் வைக்கோல்லயும்தான் அதிகம் தங்கும், அதனால இந்த வருச வைக்கோல மாட்டுக்கு தனியா போடாம வேற தீவனத்தோட கலந்து போடுங்க.

பருத்தி தாராளமா போடலாம், பருத்திக்கு வய காத்தோட்டமா இருக்கும், அதுவே மண்ணுக்கு வைத்தியம். ஒரு ஓரமா கீர போடணும்னா இந்தப் பட்டத்துக்கு அந்த வயல்ல வேணாம், வீட்டு கொல்லையில போடுங்க.

மண்ண சோதிக்கணும்னா சாதாரண மண் பரிசோதனையில இது வராது, அங்க உப்பும் சத்தும்தான் பாப்பாங்க. மருந்து எச்சம் பாக்குற லேப் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல இருக்கு. மேல ரெண்டு சென்டிமீட்டர் சேறு தனியா, கீழ 15 வர தனியா, வயல்ல பத்து எடத்துல எடுத்து கலந்து, வெயில் படாம ஐஸ்ல வச்சு கொண்டு போங்க. எந்த மருந்து எந்தத் தேதி அடிச்சீங்கன்னு எழுதி ஒட்டுங்க, அது இல்லாம எதத் தேடுறதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

கடைசியா அப்பா மீன். மருந்து அடிச்ச வயலுக்குள்ளயும் அதோட வடிகால் குழியிலயும் பிடிச்சத இந்த மழ சீசன் முடியுற வர சாப்பிட வேணாம். கார்பெண்டசிம் சில மீனுக்கு ரொம்பக் கொஞ்சத்துலயே வெசம், சேத்துல மேயுற அயிரை மாதிரி மீனு ஒட்டுன மண்ணையே தின்னு வளரும், அதனால தண்ணி தெளிஞ்சாலும் அதுக்குத் தெளியல. மீன் கூட்ட, மேல உள்ள மருந்து அடிக்காத மடைக்கு மாத்தி வைக்கச் சொல்லுங்க. கூட்டுல மீனு அசந்து மெதந்தா, இல்ல நண்டு வளைய விட்டு வெளிய வந்து கெறங்கிக் கெடந்தா, அன்னைக்கே கீழ ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க, அவங்க ஊரணி வரத்துக்கால அடச்சுக்குவாங்க.